பல்லுக்காரர் கேட்ட பாட்டு

சைக்கிளைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் யார் பெயரையோ போட்டிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம். பின்னொரு காலத்தில் பல்லுக்காரர் என்று ஒரு மனிதர் பிறக்கப்போகிறார், அவர் வந்து ஏறுவதற்குள் எல்லாம் தயாராக இருக்கட்டும் என்றுதான் யாரோ அவசர அவசரமாக இரண்டு சக்கரத்தை மாட்டி வைத்துவிட்டுப் போனார்கள். மலை ஏறினவர்கள் இருக்கிறார்கள், கடலை நீந்திக் கடந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இருபத்திரண்டு வருஷம் தினமும் பதினொரு கிளினிக்குக்குச் சைக்கிள் மிதித்து, எதிரே என்ன வருகிறது என்று ஒரு நாள்கூடப் பார்க்காமல், முழு உடம்போடு வீடு திரும்பியவர் இந்தப் பூமியில் ஒருவர்தான்.

பல்லுக்காரர் என்றால் பல் பிடுங்குகிறவர் அல்ல. பல் செட் செய்கிற லேப் ஒன்றில், செய்து முடித்த பற்களை ஒவ்வொரு கிளினிக்காகக் கொண்டுபோய்க் கொடுப்பதும், அங்கிருந்து அடுத்தவர் வாயின் அச்சுகளை வாங்கி வருவதும் அவர் வேலை. லேப்பில் மூன்று அறைகள். முதல் அறையில் பிளாஸ்டர் கரைத்து அச்சு வார்ப்பார்கள்; அங்கே உள்ளே போகிறவர் யாரானாலும் வெளியே வரும்போது நரைத்திருப்பார். இரண்டாவது அறையில் ரோஸ் நிற மெழுகில் பல் நடுவார்கள். மூன்றாவது அறையில் மெருகு போடும் இயந்திரம் நாள் முழுக்க ஒரே சுருதியில் அழுதுகொண்டிருக்கும். அலமாரி முழுக்க முகமில்லாத வாய்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது சிரிப்பார்கள், எதற்கென்று தெரியாது.

மெழுகு அறையில் பல் நடுகிறவர் பல்லுக்காரரின் மனைவி. கல்யாணம் ஆன மறுவாரத்திலிருந்து, காலையில் லேப்புக்குப் போகும்போதும் சரி, கிளினிக் சுற்றுக்குப் போகும்போதும் சரி, அந்த அம்மாள் கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, பல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கூடவே வருவார். சுற்று முடிந்ததும்தான் மெழுகு அறை. பெட்டி ஆடினால் பல் உடையும் என்பது வெளியே சொல்லும் காரணம். நிஜக் காரணம், வீட்டில் திட்டி முடிக்க நேரம் போதவில்லை.

அவர் திட்டினால் அதை அந்த வீட்டில் யாரும் திட்டு என்று சொல்ல மாட்டார்கள். பாட்டு என்பார்கள். "இன்னிக்கு உங்களுக்குப் பாட்டு உண்டு" என்று அந்த அம்மாளே முன்கூட்டி அறிவிப்பதும் உண்டு. நிஜப் பாட்டு, அதாவது தாளம் போட்டுப் பாடுகிற பாட்டு, அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. ஆகவே பாட்டு என்ற சொல்லுக்குப் பல்லுக்காரரின் அகராதியில் ஒரே அர்த்தம்தான் இருந்தது.

"லாரி வருதுங்க. பெரிசா இருக்கு, அதுகூடத் தெரியலையா? ஓரமாப் போங்க. அவ்வளவு ஓரம் எதுக்கு, சாக்கடையில குடியேறவா? நில்லுங்க. நில்லுன்னா நிக்கிறதில்ல, போன்னா போறதில்ல..."

இப்படியே ஐம்பது நிமிஷம் ஓடும். பல்லுக்காரர் எதையும் பார்க்கவே வேண்டியதில்லை. காதில் விழுகிறபடி ஹேண்டிலைத் திருப்பினால் போதும். சைக்கிள் மணி துருப்பிடித்து விழுந்த அன்று புதுசு மாட்டலாமா என்று கேட்டார். "நான் எதுக்கு இருக்கேன்?" என்று பதில் வந்தது. நியாயமான கேள்விதான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், வெளியூரில் இருக்கும் மகள் மாசமாக இருக்கிறாள், அதுவும் ரெட்டை என்று சேதி வந்தது. அந்த அம்மாள் ஐந்து மாதத்துக்குத் துணிமணி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பல்லுக்காரர் பஸ் ஏற்றிவிட்டு வந்து, பெட்டியைக் கேரியரில் கயிறு போட்டுக் கட்டி, சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். தெரு அமைதியாக இருந்தது. அவ்வளவு அமைதியை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மிதித்தார்.

முதல் நாள் ஒரு ஏணியில் மோதினார். ஏணிக்கு மேலே பெயிண்டர் இருந்தார். சிறிது நேரம் கழித்துக் கீழே இருந்தார்.

மூன்றாம் நாள் கார் கழுவும் கடைக்குள் நேராக நுழைந்து, நுரை, தண்ணீர், காற்று எல்லாம் வாங்கிக்கொண்டு மறுபக்கம் பளபளவென்று வெளியே வந்தார். கடைக்காரப் பையன்கள் கைதட்டினார்கள்.

ஐந்தாம் நாள்தான் வினை. நாலு ரோடு சேருமிடத்தில், நட்டநடுவில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரரை ஒரு கம்பம் என்று நினைத்துச் சுற்றி வளைக்கப்போய், பெட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு விழுந்தது. ஒன்பது பல் செட் நாலா பக்கமும் சிரித்துக்கொண்டே ஓடின. போலீஸ்காரர் விசிலடித்து நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார். காரிலிருந்தவர்கள், நடந்து போனவர்கள், எல்லாருமாகக் குனிந்து பல் பொறுக்கினார்கள்.

"ஐயா, இந்தப் பஸ்ஸுக்கு அடியில ஒண்ணு இளிக்குது பாருங்க!"

"தொடாதீங்க, அது யாரோடதோ!"

"யாரோடதுன்னு பல்லக் கேட்டா சொல்லுமா? எடுங்க!"

பொறுக்கினவை எல்லாம் பெட்டிக்குத் திரும்பின. ஆனால் இரண்டு செட் இடம் மாறிப் போய்விட்டன. அன்று சாயங்காலம் ஓய்வு பெற்ற ஒரு நீதிபதியின் வாயிலிருந்து ஒரு நாட்டிய டீச்சர் சிரித்தார். நாட்டிய டீச்சர் வாயில் நீதிபதி உட்கார்ந்து, அவரால் ஒரு வாரம் சிரிக்கவே முடியவில்லை.

முதலாளி கூப்பிட்டார். கோபப்படாதவர் அவர், அதனால்தான் பயமாக இருந்தது.

"இதோ பாருங்க. உங்க மேல எனக்கு மதிப்பு உண்டு. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சுத்து வேலைய வேனுக்குக் குடுத்துடுவேன். நீங்க பிளாஸ்டர் ரூமுக்கு வந்துடுங்க. உள்ளயே உக்காந்து பாக்குற வேலை."

பிளாஸ்டர் அறை பல்லுக்காரருக்குப் புதுசல்ல. சைக்கிள் வேலை கிடைப்பதற்கு முன்னால் ஆறு வருஷம் அங்கே இருந்தவர். ஜன்னல் கிடையாது. தும்மினால் அறை முழுக்க மூடுபனி. இப்போது பதினொரு கிளினிக்கிலும் வாசலில் அவர் தலையைப் பார்த்ததும் யாராவது ஒருவர், "வந்துட்டாரு, வந்துட்டாரு" என்று எழுந்து நிற்பார். மூன்று மாதமாகப் பல்லில்லாமல் கஞ்சி குடித்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். உலகத்தில் தன்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கிற ஆட்கள் பிளாஸ்டர் அறையில் கிடைப்பார்களா? அச்சுகள் எழுந்து நிற்காது.

மறுநாள் காலை சைக்கிளில் ஏறும்போது போன் அடித்தது. மனைவிதான். நடந்ததை யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். இயர்போன் வயரைக் காதில் செருகிக்கொண்டார். அந்தப் பக்கம் ஆரம்பித்தது.

"கண்ணை எங்கங்க வச்சிருந்தீங்க? பிடரியிலயா? போலீஸ்காரருக்கும் கம்பத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? கம்பம் விசில் அடிக்குமா?"

கேட்டுக்கொண்டே மிதித்தார். நாற்பத்தெட்டு நிமிஷம் கழித்து, "சரி வைங்க, இவளுக்குக் கஞ்சி வைக்கணும்" என்று குரல் நின்றபோது, பதினோராவது கிளினிக் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கீறல் இல்லை. ஒரு பல் ஆடவில்லை.

விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் கர்ப்பிணிப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினமும் நாற்பத்தெட்டு நிமிஷம் திட்ட அந்த அம்மாளுக்கு ஏது நேரம்? இன்னொரு நாள் அதே மாதிரி ஒரு பாட்டை வாங்கி, போனிலேயே பதிவு செய்து கொடுத்தது பல்லுக்காரரின் அண்ணன் மகள். பதினாறு வயது, சித்தப்பா வீட்டிலேயே இருப்பவள், படிப்பைப் பாதியில் விட்டவள், குறும்பை மட்டும் முழுசாகப் படித்து முடித்தவள். இதை எழுதுகிறவளும் அவளே என்பதால் அவளைப் பற்றி இதற்குமேல் இங்கே பேச்சில்லை.

அன்றிலிருந்து தினமும் அதே பாட்டு. ஒரு நாள் திட்டினது இன்னொரு நாளைக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். அங்கேதான் அந்த அம்மாளின் திறமை. "அங்க என்ன வாயப் பொளந்துட்டுப் பாக்குறீங்க?" என்று ஏழாவது நிமிஷத்தில் வரும். ஏழாவது நிமிஷத்தில் பல்லுக்காரர் எந்தத் தெருவில் இருந்தாலும் வாயைப் பிளந்து எதையாவது பார்த்துக்கொண்டுதான் இருப்பார். எங்கே திட்டினாலும் அங்கே ஒரு தப்பு தயாராக இருந்தது. இரண்டு மாதம் ஏணிகள் நிம்மதியாக இருந்தன.

அப்போதுதான் முதலாளியின் மச்சான் வந்து சேர்ந்தார். அவருக்கு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லையாம். வீட்டிலிருந்தவர்களுக்கும் அவர் சும்மா இருப்பதைப் பார்க்க முடியவில்லை. முதலாளி அவரைப் பாதுகாப்பு அதிகாரி ஆக்கினார். மஞ்சள் சட்டை, கழுத்தில் விசில். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் ஹெல்மெட் போட்டிருப்பார், நாற்காலியை யார் நம்புவது என்று. வந்த மூன்றாம் நாள் ஒரு தாளை ஒட்டினார்: சைக்கிளில் போகும்போது பாட்டு கேட்பது ஆபத்து, பணியாளர்கள் இத்துடன் உள்ள படிவத்தை உண்மையாக நிரப்பித் தர வேண்டும்.

பல்லுக்காரர் தாளைப் படித்தார். நம் வீட்டு விஷயம் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியமாகவும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பொய் எழுதத் தெரியாதவர். பேனாவை உதறிவிட்டு நிரப்பினார்.

பாட்டு கேட்பது உண்டா? உண்டு. எவ்வளவு காலமாக? கல்யாணம் ஆனதிலிருந்து. யாருடைய பாட்டு? என் மனைவி. ஒலியின் அளவு? பக்கத்துத் தெரு வரை.

அதிகாரி அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். குரலில் ஒரு மரியாதை வந்திருந்தது.

"உங்க வீட்டம்மா பாடுவாங்களா?"

"பாடுவாங்க சார்."

"முறையாக் கத்துக்கிட்டதா?"

"இல்ல சார், தானா வந்தது. அவங்கம்மா பெரிய கை."

"மேடையெல்லாம் ஏறியிருக்காங்களா?"

"அவங்களுக்கு மேடை எதுக்கு சார்? நின்ன இடம் போதும்."

"தினமும் பயிற்சி உண்டோ?"

"காலையில ஆறு மணிக்குத் தொடங்கினா, நான் எதிர்ல இருக்கிற வரைக்கும் நிறுத்த மாட்டாங்க. நான் போயிட்டா பக்கத்து வீட்டுக்காரரை வச்சுப் பாடுவாங்க."

அதிகாரி நெகிழ்ந்துபோனார். ஆனால் கடமை என்று ஒன்று இருக்கிறதே. "கலைக்கு நான் எதிரி இல்ல. ஆனா நல்ல பாட்டு மனுஷனை மயக்கும். மயங்கினவன் எப்படிச் சைக்கிள் ஓட்டுவான்?"

"மயக்கமா?" பல்லுக்காரர் நிமிர்ந்தார். "எனக்கு அது காதுல விழுந்தாத்தான் சார் முழிப்பே வருது."

பேச்சு முதலாளி காதுக்குப் போனது. அவர் ஒரே வரியில் முடித்தார்: ஒரு சோதனை வைக்கட்டும். பாட்டு ஆபத்து என்று மச்சான் எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே வேன், மறுநாளே பிளாஸ்டர் அறை. இல்லை என்றால் விட்டுவிடலாம்.

சோதனை வைத்த வாரத்தில்தான் மகளுக்கு வலி எடுத்து, ரெட்டைப் பெண்கள் பிறந்து, அந்த அம்மாள் ஆஸ்பத்திரியே கதி என்று இருந்தார். போன் போட்டாலும் எடுப்பதில்லை. பல்லுக்காரர் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தாத்தாவான சந்தோஷத்தைப் பாதியும் பிளாஸ்டர் பயத்தைப் பாதியுமாக முகத்தில் வைத்துக்கொண்டு லேப்புக்கு வந்தார்.

"வயரோட ஒரு முனை உங்க காதுல. இன்னொரு முனை என் காதுல. நான் பின்னாடி உக்காந்து வரேன்," என்றார் அதிகாரி.

"வாங்க சார். பெட்டியை மடியில வச்சுக்கணும்."

"எதுக்கு?"

"அங்க உக்காந்தா அதான் முறை."

இருவரையும் வயர் கட்டியிருந்தது. அதிகாரி ஹெல்மெட்டுக்குள் வயரைச் செருகி, கண்ணை மூடி, பெரிய இசைக்குத் தயாராகிறவர் போல மூச்சை இழுத்தார். பல்லுக்காரர் பட்டனை அழுத்தி மிதித்தார்.

"நேரா உக்காருங்க!" என்றது குரல்.

அதிகாரி துள்ளி நேராக உட்கார்ந்தார்.

"வாழ்க்கை பூரா கேள்விக்குறி மாதிரியே உக்காந்திருந்தா எவன் மதிப்பான்? காலையில பல்லு விளக்கினீங்களா? நிஜமாச் சொல்லுங்க."

அதிகாரி வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

முதல் கிளினிக். இரண்டாவது கிளினிக். குரல் ஓயவில்லை. "ஊருக்கெல்லாம் புத்தி சொல்லத் தெரியுது. வீட்ல ஒரு பல்பு மாத்தச் சொன்னா முதுகுவலி. நாலு மாசமா நான் இருட்டுல நிக்கிறேன், தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்ங்க," என்று பின்னாலிருந்து மெல்லிய சத்தம் வந்தது.

பல்லுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. இடது பக்கம் ஒரு பால் வண்டி, வலது பக்கம் குழந்தையோடு ஒரு அம்மா, எதிரே குப்பை வண்டி. எல்லாவற்றையும் அவர் கண் வாங்கிக்கொண்டே போனது. நாலாவது கிளினிக்கில் அதிகாரி பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். ஆறாவதில், "மன்னிச்சிடுங்க" என்றார். யாரிடம் என்று கிளினிக்காரர்களுக்குப் புரியவில்லை.

எட்டாவது கிளினிக்குக்குப் போகும் சந்தில், "நில்லுங்க! நான் இங்க கத்திட்டு இருக்கேன், நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருக்கீங்களே!" என்று குரல் வெடித்தது. பல்லுக்காரர் பிரேக்கைப் பிடித்தார். ஒரு கேட் திறந்து, மரச்சாமான் ஏற்றிய லாரி ஒன்று பின்பக்கமாக வெளியே வந்து, முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் உறுமிக்கொண்டு போனது. லாரிக்காரர் பார்க்கவேயில்லை. லாரியின் கண்ணாடி அலமாரியில் அதிகாரி தன் முகத்தைப் பார்த்தார். பேயறைந்த மாதிரி இருந்தது. கன்னத்தில் ஈரம் வேறு.

பதினோராவது கிளினிக் வாசலில் இறங்கியதும் அவர் செய்த முதல் காரியம் தன் வீட்டுக்குப் போன் போட்டது. "ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன். அந்த பல்பு... ஆமா, வரும்போது வாங்கிட்டு வரேன்... இல்ல, எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு."

லேப்பில் முதலாளி காத்திருந்தார். "என்ன மச்சான், பாட்டு ஆபத்தா இல்லையா?"

"அது பாட்டே இல்ல."

"பின்ன?"

பல்லுக்காரர்தான் சொன்னார். "சார், நல்ல பாட்டு கேட்டா மனசு எங்கயோ பறந்துடும்னு சொல்றாங்க. இருக்கலாம், எனக்கு அனுபவம் இல்ல. இது கேட்டா மனசு வெளியே தலை காட்டவே பயப்படும். உடம்புக்குள்ளயே ஒடுங்கி, ரெண்டு கண் வழியா ரோட்டைப் பாத்துட்டே இருக்கும்."

அன்று மாலையே பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டினார்கள்: சைக்கிளில் பாட்டு கேட்கக் கூடாது, திட்டு கேட்கலாம். சுற்று வேலை பல்லுக்காரருக்கே என்று முதலாளி கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, பேனாவை மூடாமலே கேட்டார்:

"மத்த ரெண்டு டெலிவரி ஆளுக்கும் இதுல ஒரு காப்பி கிடைக்குமா?"

பல்லுக்காரர் போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். "அது எனக்குன்னு போட்டது சார். அவங்கவங்க வீட்ல அவங்கவங்க வாங்கிக் கட்டிக்கட்டும்."

இவ்வளவையும் எழுதி முடித்து, ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருக்கும் சித்திக்குப் போனில் வாசித்துக் காட்டலாம் என்று அண்ணன் மகள் தாள்களைச் சித்தப்பாவிடம் கொடுத்தாள். அவர் சமையலறை மேஜையில் வைத்து, வரிக்கு வரி விரல் ஓட்டிப் படித்தார். பெயிண்டர் வரும் இடத்தில் சிரித்தார். நாட்டிய டீச்சர் வரும் இடத்தில், பாவம் என்றார். கடைசித் தாளையும் படித்துவிட்டு, திரும்ப நடுவில் ஒரு தாளைத் தேடி எடுத்தார்.

"நல்லா எழுதிருக்கே வாலு. ஒரே ஒரு இடம் இடிக்குது."

"எந்த இடம்?"

"அந்த ஆள் என் பின்னாடி உக்காந்து கேட்டாரே, அது யார் பாட்டு?"

"சித்தி பாட்டுதான்."

"ம். அப்போ ஒன்பதாவது கிளினிக் தாண்டினதும் 'ஓரமாப் போங்க சித்தப்பா'ன்னு வந்துச்சே, அது எந்த சித்தி?"

அண்ணன் மகள் மேஜையில் இல்லாத ஒரு எறும்பைத் தேடினாள்.

"அவருகூடக் கேட்டாரு, யாருங்க சித்தப்பான்னு. வீட்ல செல்லமா அப்படித்தான் கூப்பிடுவாங்கன்னு சமாளிச்சேன். நம்பிட்டாரு. அழுதுட்டு இருந்தாருல்ல."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலமே தெரியும். உன் டான்ஸ் வீடியோவுக்கு இடம் பத்தலன்னு என் போன்ல இருந்ததை அழிச்சிட்டே. சித்தி போனை எடுக்கல. துணி பீரோவுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு நாப்பத்தெட்டு நிமிஷம் கத்தினே. பீரோ ஆடினதைப் பாத்துட்டு நான் இங்கதான் உக்காந்து வெங்காயம் உரிச்சுட்டு இருந்தேன்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா நீ வெக்கப்பட்டு நிறுத்திடுவே. நீ நிறுத்தினா மறுநாள் நான் பிளாஸ்டர் ரூம்ல." தாளை மேஜையில் தட்டி நேராக்கினார். "சித்தி மாதிரியே பண்ணியிருந்தே. அந்த நில்லுங்க எல்லாம் அப்படியே அவதான். ஆனா ஒண்ணு. இந்த இருபத்திரண்டு வருஷத்துல உன் சித்தி என்னைப் பத்திரமா வந்துடுங்கன்னு சொன்னதே கிடையாது."

"அது... வாய் தவறி வந்துடுச்சு சித்தப்பா."

"ம்," என்றார் பல்லுக்காரர். "நாலு தடவை."